பழைய தையல் மெசின் வாங்குவதும் விற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் இன்றைக்கு எண்ணினால் 41 தையல் மெசின்கள். கைமெசின், கால்மெசின், தலை மட்டும் உள்ளது, கால் மட்டும் உள்ளது, எல்லாம் சேர்த்துத்தான். வாங்குகிறேன், திருத்துகிறேன், விற்கிறேன், சிலதை விற்க மனம் வராமல் வைத்திருக்கிறேன். வாகரையிலிருந்து திருக்கோவில் வரை ஆட்கள் போன் எடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த மெசின் என்றாலும் வாங்குவீர்களா?

இல்லை. நான் தேடுவது 1970க்கு முந்திய, வார்ப்பிரும்பில் செய்த மெசின்கள். எங்கள் பக்கத்தில் அகப்படுவதில் பெரும்பங்கு சிங்கர்தான். சிங்கர் இலங்கைக்கு வந்ததே 1877ல், அதனால் கொழும்பிலிருந்து ரயிலிலும் லொறியிலும் வந்து சேர்ந்த மெசின்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. எப்போதாவது ஜேர்மன்காரரின் ஃபாஃப் ஒன்றும் இங்கிலாந்து ஜோன்ஸ் ஒன்றும் கண்ணில் படும். பெயர் அழிந்துபோன மெசின் என்றாலும் படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் போட்ட பிந்திய கால மெசின்களை நான் எடுப்பதில்லை, அந்தப் பல் ஒன்று உடைந்தால் மாற்றுப் பல் தேடித் திரிவதிலேயே காலம் போய்விடும்.

எங்கள் வீட்டு மெசின் எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிங்கர் என்றால் சுலபம். உங்களுக்கு முன்னால் மெசினை வைத்தால் வலதுகைப் பக்கம், கை தூண் நிற்கிற இடத்துக்குக் கீழே, தட்டில் ஒரு எண் குத்தியிருக்கும். எண்ணெயும் தூசும் அப்பி அது தெரியாமல் இருக்கலாம், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். 1900க்கு முந்தியவற்றில் வெறும் எண்தான். அதற்குப் பிறகு முன்னால் ஆங்கில எழுத்து வரும். எஃப், ஒய் என்று தொடங்கினாலோ, ஈயும் கூட இன்னொரு எழுத்தும் சேர்ந்து வந்தாலோ அது ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரின் பெரிய ஆலையில் செய்தது. ஈயோடு இரட்டை எழுத்து வருவது 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகு. சீ என்றால் ஜேர்மனியில் விட்டன்பெர்க ஆலை, ஜீ என்றால் அமெரிக்காவில் எலிசபெத்போர்ட். எங்கள் பகுதியில் நான் கண்டவற்றில் பத்துக்கு எட்டு கிளைட்பேங்க்தான். 99கே, 201கே, 15கே என்று மாதிரி எண்ணுக்குப் பின்னால் வரும் கே என்ற எழுத்தும் அந்த ஆலை இருந்த கில்போவி என்ற இடத்தின் முதலெழுத்து. அந்த ஆலை 1980ல் மூடப்பட்டுவிட்டது.

எண்ணை அனுப்பினால் வருடம் பார்த்துச் சொல்லுவேன், அதற்குக் காசு இல்லை. ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள், சிங்கரின் பதிவேட்டில் இருப்பது அந்த எண் தொகுதியை ஆலைக்கு ஒதுக்கிய திகதி. உங்கள் மெசின் அதற்குச் சில மாதம் பிந்தியும் வெளியே வந்திருக்கலாம்.

சின்னப் பித்தளைப் பட்டயத்தைச் சுற்றி நீல வளையமும் 1851, 1951 என்ற வருடங்களும் இருந்தால் அது நூற்றாண்டுப் பட்டயம். ஐசாக் சிங்கர் 1851ல் காப்புரிமை எடுத்ததன் நினைவாகப் போட்டது. அது உள்ள மெசினுக்குச் சேகரிப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு.

பழைய சிங்கருக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்கிறார்களே, அதற்கு இலட்சக்கணக்கில் தருவார்களாமே?

இல்லை. இதைவிட உறுதியாக எனக்குச் சொல்லத் தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட மெசின்களைக் கடைசித் திருகாணி வரை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு, உருக்கு, அங்கங்கே கொஞ்சம் பித்தளை, அவ்வளவுதான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லுகிறேன். 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய சிங்கரின் ஊசிக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, கைப்பேசியை ஊசிக்குக் கிட்டப் பிடித்தால் இணைப்பு அறுந்துபோகும், அப்படி அறுந்தால் அது அசல் என்று. சனம் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கியதில் சில மெசின்களின் விலை 2 இலட்சம் ரியால் வரை ஏறியது. கடைசியில் பொலிஸ் அது வெறும் மோசடி என்று சொன்னது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் மத்திய கிழக்கில் வேலை செய்கிற ஊர்கள் எத்தனை இருக்கின்றன, அதனால் கதை பிளேன் ஏறி இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. பாதரசச் சேர்மங்களில் சிவப்பாக ஒன்று இருக்கத்தான் செய்கிறது, சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்பார்களே, அதுதான். தையல் மெசினுக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் இருக்கிறது. நாலைந்து வருடத்துக்கு முன் கல்முனைப் பக்கமிருந்து ஒரு ராத்தா சாக்கில் கட்டி ஒரு மெசின் கொண்டுவந்தார். அவிழ்த்துப் பார்த்தால் சிங்கர் 28, கைமெசின், கீழ்நூலைச் சுமந்துகொண்டு தோட்டா மாதிரி நீளச் சட்டில் போகிற வகை. பூ வேலை அப்படியே இருக்கிறது, பித்தளைப் பட்டயம் மினுங்குகிறது. ஆனால் மெசினின் மேற்கையின் நடுவில் கிரைண்டரால் வெட்டிப் பிளந்திருந்தார்கள். பாதரசம் வாங்க வந்ததாகச் சொன்ன இரண்டு பேர் முற்றத்தில் வைத்தே வெட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றதும் போய்விட்டார்களாம். அது அவருடைய உம்மாவின் மெசின். வார்ப்பிரும்பை அப்படி வெட்டினால் பிறகு ஒட்டி ஓட வைக்க முடியாது. நான் சட்டிலையும் ஊசித்தண்டையும் கழற்றி எடுத்து அதற்குரிய காசைக் கொடுத்தேன், பித்தளைப் பட்டயத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஆகவே யாராவது கைப்பேசியோடு வந்து ஊசியைச் சோதிக்கக் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்படியென்றால் உண்மையான விலை என்ன?

விலையை எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லோரும் கண்டதுதான். அதனால் நான் கணக்குப் பார்க்கும் விதத்தைச் சொல்லுகிறேன். முதலில் ஓடுகிறதா, சுத்தமாகத் தைக்கிறதா. இரண்டாவது பூ வேலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது. மூன்றாவது எல்லாச் சாமானும் இருக்கிறதா, குறிப்பாகச் சட்டில், கீழ்நூல் சுற்றிய பொபின் இருக்கும் கூடு, மூடித் தகடு, மரப்பெட்டி, அதன் திறப்பு. பிறகுதான் வயது. மெசின் நூறு வருடத்தது என்றதும் பெரிய தொகை எதிர்பார்க்கிறார்கள், ஆனால் சிங்கர் இவற்றை இலட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க விற்றது, நூறு வயது என்பது மட்டும் அரிய பொருளாக்காது. 1950களின் 201கே ஒன்று 1910ன் சாதாரண 28ஐவிடக் கூடுதலாகப் போகும், ஏனென்றால் அதை வாங்குகிறவர் தைக்க வாங்குகிறார்.

விற்கிற விலையில் பாதிக்கு மேல்தான் நான் வாங்கும்போது கொடுப்பது. மிச்சத்தில் என் கூலி, ஓட்டோ, உதிரிப்பாகம், விற்காமல் கிடக்கும் மாதங்கள் எல்லாம் இருக்கின்றன. இன்னொருவர் கூடத் தந்தால் அவருக்கே கொடுங்கள், எனக்கு மனக்கசப்பு இல்லை.

பழைய இரும்புக்காரர் கிலோ விலை தருகிறார். கொடுத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். எனக்கு விற்காவிட்டாலும் பரவாயில்லை, இரும்புக்குப் போடாதீர்கள். பெட்டியோடு ஒரு 99கே கைமெசின் 12, 13 கிலோ வரும், அதைக் கிலோ விலைக்குப் பெருக்கினால் கிடைக்கும் காசு ஒரு கிழமைச் சாமானுக்குக் காணாது. கால்மெசின் என்றால் கால் கனம் என்பதால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், சம்மட்டியால் உடைத்துத்தான் லொறியில் ஏற்றுவார்கள். உடைந்ததாகத் தெரிகிற மெசினிலும் இன்னொரு மெசினுக்கு உயிர் கொடுக்கிற பாகம் எத்தனையோ இருக்கும்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை. உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டப் பிடி இருக்கிறது, பொபினுக்கு நூல் சுற்றும்போது அதைத் தளர்த்துவார்கள். தளர்த்தியவர் இறுக்க மறந்து பதினைந்து வருடம் போயிருக்கும். வலப்பக்கம் திருப்பி இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால் உள்ளே மூன்று காது வைத்த வளையம் ஒன்று இருக்கிறது, யாரோ கழற்றித் திருப்பிப் போட்டிருப்பார்கள், அதைப் பாதிச் சுற்று மாற்றி வைத்தால் சரியாகிவிடும். ஒரு மெசினை இப்படி இரண்டு நிமிடத்தில் ஓட வைத்து, விற்க வந்த அக்கா விற்காமல் திரும்பிப் போனார். அது நல்லதுதான்.

சக்கரமே அசையவில்லை என்றால் பலத்தைப் போடாதீர்கள். எண்ணெய் விடுகிற ஓட்டை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், பிறகு திரும்பவும் விடுங்கள். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலும் பழைய எண்ணெய் இளகும். மூன்றாம் நாள் அசையத் தொடங்கும், சிலதுக்கு இரண்டு கிழமையும் போயிருக்கிறது.

எந்த எண்ணெய் போடலாம்? தேங்காய் எண்ணெய் போட்டால் என்ன?

எங்கள் ஊரில் மெசின் இறுகிப் போவதற்கு முதல் காரணமே தேங்காய் எண்ணெய்தான். போட்டவுடன் நன்றாக ஓடும். சில மாதத்தில் காற்றுப் பட்டுத் தடித்துப் பிசினாகிவிடும், தூசும் பஞ்சும் அதில் ஒட்டிக்கொள்ளும். கடையில் தையல் மெசின் எண்ணெய் என்றே தெளிவான, தண்ணி மாதிரி எண்ணெய் சின்னப் போத்தலில் விற்கிறார்கள், அதைத் தவிர வேறு வேண்டாம். மண்ணெண்ணெய் கழுவுவதற்கு மட்டும், அதையே விட்டுவிட்டால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயும். கழுவிய பிறகு நல்ல எண்ணெய் விடவேண்டும்.

கடல் தண்ணிக்குள் கிடந்த மெசினைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், எல்லாவற்றையும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த மெசின்கள் பல வருடம் கழித்தும் என்னிடம் வந்திருக்கின்றன. ஒன்று மறக்காது. திருக்கோவிலிலிருந்து ஒரு மாமி கொண்டுவந்த 15கே, கால்மெசினின் தலை மட்டும், மரமும் காலும் போய்விட்டன. ஊசித்தட்டைக் கழற்றினால் துணியைத் தள்ளுகிற பற்களுக்கு இடையில் கடல் மணல் இறுகிக் கல்லாகக் கிடக்கிறது, அதில் ஒரு சிப்பித் துண்டும். முதலில் நல்ல தண்ணியில் உப்புப் போகும் வரை கழுவினேன், கறள் பிடித்த இரும்பில் தண்ணி விடக்கூடாது என்பார்கள், ஆனால் உப்பு உள்ளே இருந்தால் எத்தனை எண்ணெய் விட்டாலும் திரும்பக் கறள் வந்துகொண்டே இருக்கும். பிறகு வெயில், பிறகு மண்ணெண்ணெய்த் தொட்டி, பிறகு பித்தளைப் பிரஷ். ஐந்து கிழமை. ஊசித்தண்டும் பொபின் கூடும் வேறு மெசினிலிருந்து போட்டேன். மாமி வந்து நின்று, ஒரு பழைய சாரத் துண்டை மடித்து அதன் மேல் ஒரு நேர்கோடு தைத்துப் பார்த்தார். விற்கத்தான் கொண்டுவந்தவர், அதற்குப் பிறகு விலையைப் பற்றிக் கதைக்கவே இல்லை. சுற்றுகிற கைப்பிடி ஒன்றை மாட்டிக் கைமெசினாக்கிக் கொடுத்தனுப்பினேன்.

விற்பதற்கு முன் பெயின்ட் அடித்துப் புதிதாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கறுப்பு மேல் போட்ட தங்க நிறப் பூ வேலைக்குத்தான் சேகரிப்பவர் காசு கொடுக்கிறார், ஸ்பிரே பெயின்ட் அடித்த அன்றே அந்த மதிப்புப் போய்விடும். அந்தப் பூவைக் காப்பது மேலே பூசிய அரக்குப் பூச்சு. ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணி எது பட்டாலும் அரக்குக் கரையும், பூ துணியோடு வந்துவிடும். ஆசையாகத் துடைத்து அனுப்பியதாகச் சொன்ன ஒருவர் அனுப்பிய படத்தில் சிங்கர் என்ற பெயரில் கடைசி இரண்டு எழுத்துத்தான் மிஞ்சியிருந்தது. மெசின் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தால் போதும்.

ஊசியும் பொபினும் இன்னும் கிடைக்கின்றனவா?

ஊசி பிரச்சினையே இல்லை, இன்றைய சாதாரண வீட்டு மெசின் ஊசி 15க்கும் 28க்கும் 66க்கும் 99க்கும் போகும். ஊசியின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதல்லவா, நூல் கடைசியாக எந்தக் கொக்கியால் இறங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அந்தத் தட்டை இருக்கவேண்டும். தையல் விழவில்லை என்று வருகிற மெசின்களில் பாதி இந்தத் தவறுதான். பொபினில் கவனம் தேவை. 66, 99 வகைப் பொபினின் இரு பக்கமும் சற்றுக் குவிந்திருக்கும், 15 வகையில் தட்டையாக இருக்கும். கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், மாற்றிப் போட்டால் நூல் சிக்கும். 28ன் நீளப் பொபினும் தோட்டாச் சட்டிலும் கிடைப்பதுதான் கஷ்டம், எங்கேயாவது கண்டால் எனக்குச் சொல்லுங்கள்.

நான் சேகரிக்க இல்லை, தைக்கத்தான் வேண்டும். எது நல்லது?

கால்மெசின் 15கே. எவர் வேண்டுமானாலும் திருத்தலாம், பாகம் கிடைக்கும், சாரத்தையும் தைக்கும் பாடசாலைப் பையையும் தைக்கும். மின்சாரம் போனாலும் நிற்காது, 2022ல் நாளுக்கு மணிக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது மருதமுனையிலும் ஏறாவூரிலும் கால்மெசின் வைத்திருந்தவர்கள் வேலையை விடவில்லை. இடம் இல்லாவிட்டால் 99கே கைமெசின். காசு கொஞ்சம் கூடப் போடலாம் என்றால் 201கே, அதன் ஓட்டத்தின் மென்மை வேறு எதிலும் நான் கண்டதில்லை. இந்திய உஷாவும் சீனத்துப் பட்டர்ஃபிளையும் மோசமில்லை, 15ஐப் பார்த்துச் செய்தவைதான், உழைப்பதற்கு வாங்குகிறவர் தயங்காமல் வாங்கலாம், திரும்ப விற்கும்போது மட்டும் சேகரிப்பு விலை எதிர்பார்க்கவேண்டாம்.

வாங்கும்போது ஒரு துண்டுத் துணி கொண்டுபோங்கள். விற்கிறவர் தைத்துக் காட்டுவதை மட்டும் பார்க்காமல் நீங்கள் தைத்துப் பாருங்கள், துணியைத் திருப்பிக் கீழ்நூலையும் பாருங்கள்.

பழைய வாக்யூம் கிளீனர், மின்சார மெசின் எல்லாம் எடுப்பீர்களா?

காத்தான்குடியிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் இந்தக் கேள்வி வரும், பள்ளிவாசல் கம்பளத்துக்கு வைத்திருந்த டிரம் வாக்யூம், வளைகுடாவிலிருந்து வாப்பா கொண்டுவந்தது என்று. எனக்கு அதில் அனுபவம் குறைவு. வெளிநாட்டில் அதற்கும் சேகரிப்பவர்கள் உண்டு, ஹூவர் 1950களில் விட்ட கொன்ஸ்டலேஷன் என்ற உருண்டை வாக்யூம் வெளிவிடும் காற்றிலேயே தரையில் மிதந்து போகும், அதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது. எங்கள் வீடுகள் சீமெந்துத் தரை, ஈர்க்குக்கட்டோடு வேலை முடிந்துவிடும், அதனால் இங்கே வாங்க ஆள் இல்லை. வைத்திருப்பவருக்கு ஒன்று மட்டும்: அமெரிக்கச் சாமான் 110 வோல்ட், எங்கள் கரண்ட் 230. வோல்ட் எழுதிய தகட்டைப் பார்க்காமல் செருகினால் மோட்டார் அந்த இடத்திலேயே எரியும். பழைய இறப்பர் வயர் வெடித்திருந்தால் செருகவே வேண்டாம். மோட்டார் வைத்த தையல் மெசினுக்கும் இதே கதைதான்.

லண்டனில் உள்ள மகளுக்கு அனுப்பலாமா? அங்கே நல்ல விலையாமே?

அங்கே விலை குறைவு. இங்கிலாந்தில் இவை எல்லா வீட்டிலும் இருந்தவை, ஆல் செயின்ட்ஸ் என்ற உடுப்புக் கடைக்காரர் கண்ணாடி யன்னல் நிறையப் பழைய தையல் மெசின்களை அடுக்கி வைக்கும் அளவுக்கு அங்கே மலிந்து கிடக்கின்றன. கனத்துக்கு அனுப்பும் கூலியே மெசின் விலையைத் தாண்டும். அம்மம்மாவின் மெசின் என்ற ஆசைக்காக அனுப்புவது வேறு. அப்படி அனுப்பினால் சுங்கத்திடமும் தொல்பொருள் திணைக்களத்திடமும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், கைச்சக்கரத்தைக் கழற்றித் தனியே சுற்றுங்கள், ஊசியை எடுத்துவிடுங்கள், தலையைப் பெட்டிக்குள் ஆடாமல் கட்டுங்கள். ஆடினால் வார்ப்பிரும்பு மூலையில் உடையும்.

மெசினோடு வருகிற லாச்சிச் சாமானை என்ன செய்வீர்கள்?

விற்க முதல் நீங்களே லாச்சியைத் திறந்து பாருங்கள், அவசரத்தில் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். பொத்தான், ஊசி, சட்டில் எல்லாம் மெசினோடு விற்கலாம். மற்றவை உங்களுடையவை. ஒருமுறை களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த கால்மெசினின் இடது லாச்சி இறுகிக் கிடந்தது. திறந்தபோது பத்திரிகைத் தாளில் வெட்டிய சின்னப் பிள்ளைச் சட்டை அளவு, மடித்து, மேலே பென்சிலால் ஒரு பெயரும் '5 வயது' என்றும் எழுதியிருந்தது. விற்றவருக்குப் போன் எடுத்தேன். பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு அது தன் அக்கா என்றார். அன்று பின்னேரமே பஸ் எடுத்து வந்து வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக் கிடைப்பவற்றை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, எந்த மெசினிலிருந்து வந்தது, எந்த ஊர் என்று துண்டு எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு மெசின் விற்றவர்கள் எப்போது வந்து கேட்டாலும் எடுத்துத் தருவேன்.